பின்மூடியின் வடுக்கள்

பழைய வாட்ச் ஒன்றை யாராவது என் மேஜையில் வைத்தால் நான் முதலில் டயலைப் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்டு, பின்மூடியின் விளிம்பைச் சுற்றி ஐகிளாஸ் வைத்துப் பார்ப்பேன். இதுவரை அதை எப்படிப்பட்ட கைகள் திறந்தன, எதைக் கொண்டு திறந்தன, அவற்றுக்குத் தொழில் தெரியுமா என்பதெல்லாம் அந்த விளிம்பில் எழுதியிருக்கும். தொழில் தெரிந்த கை திறந்த மூடியில் ஒரே இடத்தில் மட்டும் மெல்லிய தேய்மானம் தெரியும். மற்றவற்றில் ஸ்க்ரூடிரைவர் முனை பதிந்த பள்ளங்கள், கத்தி வழுக்கி முதுகு முழுக்க ஓடிய கீறல்கள், நெம்பி நெம்பி வளைந்துபோன விளிம்பு. மூடிக்கும் கேஸுக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி விழுந்த வாட்சுகளும் வருகின்றன. அந்த இடைவெளி வழியாகப் போகும் வியர்வைதான் பிறகு மெஷினைத் தின்கிறது.

திருச்சியில் அப்பா தொடங்கிய ரிப்பேர் மேஜை இது. பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்தும் ஜங்ஷனிலிருந்தும் வந்த வாட்சுகளில் அவர் கை பழகியது. அவர் கையைப் பார்த்து என் கை பழகியது. இந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தால், கடிகாரத்தின் வரலாற்றை அதன் முதுகுப்பக்கமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றும். யார் திறக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கலாம், எதைக் கொண்டு திறக்கலாம் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பதில் வைத்திருந்தது. பதில் மாறியபோதெல்லாம் பின்மூடியும் மாறியது.

17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலப் பாக்கெட் வாட்சுக்கு இரண்டு கேஸ்கள் இருந்தன. உள்கேஸில் மெஷின், அதை அப்படியே உள்ளே வைத்து மூடிக்கொள்ளும் வெளிக்கேஸ் ஒன்று. தினமும் சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவி தனியாகச் சங்கிலியில் தொங்கும். வெளிக்கேஸைத் திறந்து, உள்கேஸை வெளியே எடுத்து, அதன் முதுகில் உள்ள துளையில் சாவியைச் செருகித் திருகுவார்கள். அந்தத் துளையைத் தவிர உள்கேஸின் முதுகில் வேறு வாசல் கிடையாது. மெஷினைப் பார்க்க விரும்பினால் முன்பக்கம் வர வேண்டும்: கண்ணாடி வளையத்தைத் திறந்து, டயலின் கீழ்விளிம்பில் இருக்கும் சிறு தாழை நகத்தால் தள்ளினால், மேலே உள்ள கீலில் மெஷின் முழுவதும் தொங்கி வெளியே வரும். திறப்பதற்குக் கருவியே வேண்டாத காலம் அது. நகம் போதும்.

அந்த இரண்டு கேஸ்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கடிகாரக்காரர்கள் அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பழுது பார்த்துக் கொடுக்கும்போது, வட்டமாக வெட்டிய ஒரு காகிதத்தை வெளிக்கேஸுக்குள் வைத்து அனுப்புவார்கள். அதில் கடையின் பெயரும் தெருவும் அச்சிட்டிருக்கும். சிலவற்றின் பின்புறம் பழுது பார்த்த தேதியைக் கையால் குறித்திருப்பார்கள். உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பதும் விளம்பரம் செய்வதும் ஒரே காகிதத்தின் வேலை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இந்த வட்டக் காகிதங்களைத் தனித் தொகுப்பாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு மன்னரின் வாட்சைவிட அந்தக் காகிதங்களை நேரில் பார்க்கத்தான் எனக்கு ஆசை. அவை எங்கள் ஆட்கள் விட்டுச் சென்றவை.

1760களில் பாரிஸில் ழான் அந்துவான் லெப்பீன் என்ற கடிகாரக்காரர் மெஷினின் அமைப்பையே மாற்றினார். சக்கரங்களை மேலிருந்து மூடியிருந்த முழுத் தட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பாலம் வைத்தார். கடிகாரம் மெலிந்தது. பின்னாலிருந்து திறக்கும் கேஸ் பரவியதும் அந்த மெலிவோடுதான். இனி மெஷினைப் பார்க்க டயலைத் தூக்க வேண்டியதில்லை. முதுகைத் திறந்தால் போதும். 19ஆம் நூற்றாண்டுப் பாக்கெட் வாட்சில் கீல் போட்ட வெளிமூடியும், அதற்குள் தூசி மூடி என்று இன்னொன்றும் இருக்கும். வெளிமூடியின் ஓரத்தில் கட்டை விரல் நகம் பிடிக்க ஒரு சிறு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு அழுத்தி மூடும் வாட்ச் மூடிகளில் நாங்கள் தேடுகிற உதடு அதன் நேர் வாரிசு.

வெளிமூடி சொந்தக்காரருக்கு, தூசி மூடிக்கு உள்ளே இருப்பது கடிகாரக்காரருக்கு. இந்த எல்லை எழுதாமலேயே நிலவியது. தூசி மூடியில் சாவித் துளை இருந்ததால் சொந்தக்காரர் தினமும் வெளிமூடியைத் திறந்து சாவி கொடுத்துவிட்டு மூடிவிடுவார். கடிகாரக்காரர் உள்ளே போகும்போது மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் ஒரு குறி கீறி வைப்பார்: தன் எழுத்து, ஒரு எண், சில சமயம் மாதமும் ஆண்டும். அடுத்த முறை அதே வாட்ச் வந்தால் கணக்கேட்டில் தேடிப் பிடிக்க அது உதவும். 1890இல் வெளிவந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஷெர்லாக் ஹோம்ஸ் தன் நண்பர் வாட்சனின் கடிகாரத்தை இப்படித்தான் படிக்கிறார். மூடிக்குள் அடகுக்கடைக்காரர்கள் கீறிய எண்களையும் சாவித் துளையைச் சுற்றிய கீறல்களையும் பார்த்து, அதை வைத்திருந்த அண்ணன் கடனாளி என்றும் குடிகாரர் என்றும் சொல்லிவிடுகிறார். கதைதான். ஆனால் கானன் டாயில் அந்த விவரத்தைக் கற்பனையில் எடுக்கவில்லை. அந்தக் காலத்து அடகுக்கடைகளின் நடைமுறை அது.

இதோடு உண்மையில் நடந்த கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆபிரகாம் லிங்கனின் பாக்கெட் வாட்ச் 1861 ஏப்ரலில் வாஷிங்டனில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்த செய்தி வந்தபோது அது ஜானதன் தில்லன் என்ற அயர்லாந்துக்காரரின் கையில் இருந்தது. டயலுக்கு அடியில் உலோகத்தில் அவர் ஒரு செய்தியைப் பொறித்துவிட்டு மூடினார். லிங்கன் அதைப் பார்த்ததே இல்லை. 2009 மார்ச்சில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் ஒரு கடிகாரக்காரர் அதைத் திறந்தபோதுதான் தில்லனின் பெயரும் தேதியும் வெளிச்சத்துக்கு வந்தன. திறப்பவர் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்து அது.

1845இல் ஆத்ரியன் ஃபிலிப் என்ற கடிகாரக்காரர் சாவி இல்லாமலே சாவி கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் வாட்சின் பக்கவாட்டில் திருகும் குமிழ் அதிலிருந்து வந்தது. சொந்தக்காரர் தினமும் முதுகைத் திறந்தாக வேண்டிய கட்டாயம் அத்தோடு ஒழிந்தது. என் கணக்கில் பின்மூடியின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். தினமும் திறக்காத மூடிக்குக் கீல் எதற்கு? நகத்துக்கு உதடு எதற்கு? கீல் போனால் கேஸ் மெலியும், தூசி நுழையும் வழி ஒன்று குறையும், செலவும் குறையும். அதன்பின் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, மரை போட்டுத் திருகி மூடுவது. மற்றது, அழுத்தி மூடுவது.

மரை மூடியின் கதை கண்ணைக் கவரும். ஆரன் டென்னிசன் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் குடியேறிக் கேஸ் தயாரித்தார்; 1870களில் முன்னும் பின்னும் மரை போட்ட கேஸை முயன்றவர்களில் அவர் ஒருவர். ஜெனீவாவில் ஃபிரான்சுவா போர்ஜெல் 1891இல் மெஷினையே ஒரு மரை வளையத்தில் பொருத்தி, முன்பக்கமாகக் கேஸுக்குள் திருகி இறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் முதுகு ஒரே துண்டு, திறக்கவே முடியாது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற அதிகாரிகள் பலர் இந்தக் கேஸ் போட்ட கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தார்கள். 1926இல், மரை மூடி போட்டுத் தண்ணீர் புகாமல் செய்த ரோலக்ஸின் ஆய்ஸ்டர் வாட்ச் வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். அந்த விளம்பரத்துக்குப் பிறகு, நல்ல வாட்ச் என்றால் மரை மூடி என்ற எண்ணம் உலகமெங்கும் ஊன்றிவிட்டது.

ஆனால் நம் மணிக்கட்டுகளுக்கு வந்த வாட்சுகளில் எத்தனையோ அழுத்தி மூடியவை. அதைப் பற்றி யாரும் பெருமையாக எழுதுவதில்லை.

சென்னைக்கு வாட்ச் வந்த வழியைச் சொன்னால்தான் இது புரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் வாட்சுகளும் சுவர்க்கடிகாரங்களும் நகைகளும் விற்றது. கோபுரக் கடிகாரம் வைத்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சுவிஸ் கம்பெனியான ஃபாவ்ர் லூபா 1865 முதல் இந்தியாவில் வியாபாரம் செய்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேரூன்றிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் வாட்சுகள் ராணுவத்திலும் ரயில்வேயிலும் பெயர் வாங்கின. கார்டுகளும் டிரைவர்களும் வைத்திருந்த பாக்கெட் வாட்சுகளில் கீல் போட்டவையும் உண்டு, மரை போட்டவையும் உண்டு, அழுத்தி மூடியவையும் உண்டு. அப்பாவின் காலத்தில் அவற்றைத் திறப்பவர்கள் ஊருக்குச் சிலர்தான். ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் தன் வாட்சை அப்பாவிடம் மட்டும் கொடுப்பார். அப்பா ஊரில் இல்லையென்றால் நின்றுபோன வாட்சோடு காத்திருப்பார். "இன்னொருத்தர் கை படக் கூடாதுங்க" என்று அவர் சொல்வதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. வாட்ச் வருடக்கணக்கில் ஒருமுறைதான் திறக்கப்பட வேண்டும், அதையும் ஒரே கை திறக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் தெளிவான கணக்கு.

அழுத்தி மூடும் மூடி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று விளங்கிக்கொண்டால் கருவியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீரும். எவர்சில்வர் டப்பாவின் இறுக்கமான மூடி மாதிரிதான். மூடியின் உள்விளிம்பு ஒரு வளையமாக எழும்பி நிற்கும். அந்த வளையத்தின் வெளிப்புறம் சுற்றிலும் மயிரிழை பருத்திருக்கும். கேஸின் உட்புறத்தில் அதற்கு எதிராக ஒரு வரப்பு. அழுத்தும்போது இரண்டு உலோகங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பருத்த பகுதி வரப்பைத் தாண்டி 'டக்'கென்று உட்காரும். நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம். இந்தப் பிடிப்பைக் கழற்ற மூடியை மேலே தூக்கும் விசை கொஞ்சம் போதும். ஆனால் சரியான ஒரு புள்ளியில் அது விழ வேண்டும். அதற்காகத்தான் மூடியின் ஓரத்தில் சிறு உதடோ, கேஸின் ஓரத்தில் ஒரு வெட்டோ விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பட்டை மாட்டும் காதுகளுக்கு நடுவிலோ அவற்றை ஒட்டியோ இருக்கும். அழுக்கும் வியர்வை உப்பும் அடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மென்மையான பிரஷால் சுற்றிலும் தேய்த்து, பல்குத்தும் குச்சியால் கீறி எடுத்த பிறகு ஐகிளாஸில் பார்த்தால் தெரியும். இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் மூடியைச் சுற்றிக் கண்ட இடத்திலெல்லாம் குத்துகிறார்கள்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நிறுவனமான எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. எச்.எம்.டி.யின் 'ஜனதா'வும் அதன் கூடப்பிறந்தவையும் தமிழ்நாட்டில் கல்யாண மாப்பிள்ளைகளின் கைகளிலும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பையன்களின் கைகளிலும் ஏறின. இந்தக் காலத்து வாட்சுகள் பலவற்றில் உடம்பு குரோமியம் பூசிய பித்தளை. முதுகு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தோலை ஒட்டியிருக்கும் பகுதி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் மூடியைத் திறக்கும் கத்தியைப் பொறுத்தவரை இது ஒரு பொறி. எஃகு மூடிக்கும் பித்தளை உடம்புக்கும் நடுவில் தவறான கருவியைச் செருகி நெம்பினால், எஃகு அசையாது; பித்தளை நசுங்கும். குரோமியம் உரியும். நம் ஊர் வெயிலில் வழியும் வியர்வை அந்த இடத்தில் புகுந்து பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏற்றும். இரண்டு மூன்று கோடைகளில் வரப்பே அரித்துப்போய், மூடி பிடிக்காமல் கழன்று விழும். என்னிடம் வரும் பழைய எச்.எம்.டி.களில் மெஷின் நன்றாக ஓடும், கேஸ்தான் செத்திருக்கும்.

பழைய மெக்கானிக்கல் வாட்சுகளுக்கு நேர்ந்த இந்தக் காயங்கள் அவற்றின் இளமையில் ஏற்பட்டவை அல்ல என்பதே நான் சொல்ல வந்தது. அவற்றில் பெரும்பாலானவை, பேட்டரி செல் போட்ட வாட்சுகள் பரவிய காலத்தில் விழுந்தவை.

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ 'அஸ்ட்ரான்' என்ற, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அதே தொழில்நுட்பம் சாமானியர் கைக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை கட்டின. 1987 முதல் அந்த வாட்சுகள் கடைகளுக்கு வந்தன. மெலிந்த, அழகான குவார்ட்ஸ் வாட்சுகள். சாவி கொடுக்கவே வேண்டாம் என்பதில் மக்களுக்கு அளவற்ற சந்தோஷம்.

ஆனால் செல் மாற்ற வேண்டும். 626 என்று நாங்கள் நம்பர் சொல்லிக் கேட்கும் பொத்தான் செல் 6.8 மில்லிமீட்டர் அகலமும் 2.6 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே கை திறந்துவந்த மூடியை இப்போது அடிக்கடித் திறக்க வேண்டும்; அதுவும் ஐந்து நிமிடத்தில், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போதே. அந்த வேலைக்குக் கடிகாரம் படித்த ஆள் தேவைப்படவில்லை. பெட்டிக்கடை, செல்போன் கடை, பஸ் ஸ்டாண்டு நடைபாதை என்று எல்லா இடத்திலும் 'வாட்ச் பேட்டரி மாற்றப்படும்' என்ற அட்டை தொங்கியது. பிழைப்புக்காக அந்த வேலையை எடுத்துக்கொண்ட பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் ஒரு கத்தியைக் கொடுத்துப் பழக்கவில்லை என்பதில்தான் வருத்தம். கிடைத்ததை எடுத்தார்கள்: காய்கறிக் கத்தி, பிளேடு, டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர். பழைய மெக்கானிக்கல் வாட்சுகளும் அதே கைகளுக்குத்தான் போயின.

கடிகாரக் கம்பெனிகளும் இந்த மாற்றத்தைக் கவனித்தன. 1983இல் வந்த ஸ்வாட்சில் முதுகு திறக்கவே திறக்காது. பிளாஸ்டிக் கேஸின் அடித்தளமே மெஷினின் தட்டு. செல் வைக்கும் குழிக்கு மட்டும் ஒரு சிறு கதவு. அதை நாணயத்தால் திருகித் திறக்கலாம். 1989இன் கேஸியோ எஃப் 91 டபிள்யூவில் நான்கு சின்ன ஸ்க்ரூக்கள். தெருக்கடைப் பையனிடமும் அதற்கான ஸ்க்ரூடிரைவர் இருக்கும். இரண்டும் புத்திசாலித்தனமான பதில்கள். யார் திறக்கப்போகிறார் என்று யோசித்து முதுகைச் செய்திருக்கிறார்கள். அழுத்தி மூடும் மூடி மட்டும் பழைய கையை நம்பியே நின்றது. திறக்கும் கை மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இனி கத்திக்கு வருகிறேன்.

கேஸ் கத்தி என்று எங்கள் தொழிலில் சொல்வது, அலகு குட்டையான, தடித்த கைப்பிடி உள்ள கத்தி. அலகு நீளமாக இருந்தால் வளையும். வளைந்த அலகு விடுபடும்போது எங்கே பாயும் என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும், ஏனென்றால் திறப்பது மணிக்கட்டின் திருப்பலில்தான் நடக்கிறது. "டேய், அழுத்தாதே, திருப்பு" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கத்தியின் விளிம்பு இடுக்கில் உட்கார்ந்ததும் முன்னே தள்ளும் வேலை முடிந்துவிட்டது. பிறகு அலகைத் தன் அச்சில் மெல்லத் திருப்பினால் அதன் தடிமனே ஆப்பாகி மூடியைத் தூக்கும். முன்னே தள்ளிக்கொண்டே போகிறவர் கையில் கத்தி உள்ளே பாயும். உள்ளே வாட்சின் துடிப்பை நடத்தும் பேலன்ஸ் வீலும் ஹேர்ஸ்பிரிங்கும் இருக்கின்றன. குவார்ட்ஸ் வாட்சில் அந்த இடத்தில் காயில் இருக்கும்; தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியது. கத்திமுனை ஒருமுறை உரசினால் ஒரு சுற்று அறும். ஒரு சுற்று அறுந்தால் வாட்ச் நின்றுவிடும். செல் மாற்றப் போன வாட்ச் செத்துத் திரும்பி வந்ததாகச் சொல்பவர்களின் வாட்சில் நான் முதலில் பார்ப்பது அந்தக் காயிலைத்தான்.

கூர்மையைப் பற்றித் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சவர பிளேடு மாதிரிக் கூராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பிளேடின் விளிம்பு மென்மையான உலோகத்துக்குள் கடித்து இறங்கிவிடும், இடுக்கைத் தேடாது. திருப்பினால் ஒடிந்து கண்ணுக்குத் தெறிக்கவும் கூடும். மொட்டையாக இருந்தால் இடுக்கில் நுழையாமல் வழுக்கும். இடுக்கைக் கண்டுபிடிக்கும் அளவு மெல்லியதாகவும், நெம்பும்போது மடங்காத அளவு தடித்ததாகவும் இருக்கும் விளிம்புதான் சரி. அதனால் நல்ல மேஜையில் இரண்டு கத்திகள் இருக்கும். மெல்லியது இடுக்கைத் திறந்து கொடுக்கும். தடித்தது அந்த இடைவெளியை அகட்டும். சுவிஸ் லெ லோக்ள் ஊரில் 1791 முதல் கடிகாரக் கருவிகள் விற்கும் பெர்ஜியான் இந்தக் கத்திகளில் பல வகைகளைச் செய்கிறது; விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் பழைய நல்ல எஃகுக் கத்தியைக் குட்டையாக வெட்டி, சாணைக்கல்லில் பக்குவமாகத் தேய்த்து, விளிம்பை எண்ணெய்க்கல்லில் மெழுகி எடுத்த கத்தி அதற்குச் சளைத்ததல்ல. அப்பா பயன்படுத்தியது அப்படிப்பட்டதுதான்; இன்றும் அதுதான் என் கையில் இருக்கிறது.

மிகவும் இறுகிய மூடிகளுக்கு மேஜையில் வைக்கும் திறப்பான் ஒன்று உண்டு. வாட்சை அதில் உட்காரவைத்து, எதிரில் உள்ள சிறு அலகை ஒரு ஸ்க்ரூவால் மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். கையின் ஆவேசம் இல்லாமல் அலகு மயிரிழை மயிரிழையாகப் போகும். வழுக்க வாய்ப்பே குறைவு. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையனுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டியது இதுதான் என்பேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மூன்று கால் சாவி மரை மூடிக்கானது. அதன் கால்கள் மூடியில் உள்ள பள்ளங்களில் உட்கார வேண்டும். பள்ளமே இல்லாத, வழுவழுப்பான மூடியில் அதை வைத்துத் திருகினால் கீறல்தான் மிஞ்சும். எந்தக் கருவியையும் எடுக்கும் முன் முதுகைப் படிக்க வேண்டும்: பள்ளங்கள் இருந்தால் மரை, சுற்றிலும் ஸ்க்ரூ இருந்தால் ஸ்க்ரூடிரைவர், ஓரத்தில் உதடு இருந்தால் கத்தி. ஒன்றுமே இல்லாவிட்டால் கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும். 1960களின் சில ஒமேகா சீமாஸ்டர்களில் முதுகும் உடம்பும் ஒரே துண்டு. கண்ணாடியை எடுத்துத்தான் மெஷினை வெளியே எடுக்க முடியும். திறக்காத முதுகில் வாசல் தேடிக் குதறிய வாட்சுகளைப் பார்க்கும்போது மனம் கனக்கும்.

இன்னும் சில பழக்கங்கள் அப்பாவிடமிருந்து வந்தவை. திறக்கும் முன் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். வாட்சைத் துணியிலோ தோலிலோ வைத்துப் பிடித்து, பிடித்திருக்கும் கையின் கட்டை விரல் கத்தியின் பாதையில் வராதபடி கீழே வைத்துக்கொள்ள வேண்டும். குமிழ் இருக்கும் பக்கத்தில், அதன் தண்டு உள்ளே போகும் இடத்தில், கத்தியைச் செருகவே கூடாது. மூடி அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் திரும்பவும் சுத்தம் செய்ய வேண்டும்.

மூடுவதில் நடக்கும் நாசம் திறப்பதில் நடப்பதற்குக் குறைந்ததில்லை. சில மூடிகளின் வளையத்தில் குமிழின் தண்டுக்காக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அது தண்டுக்கு நேராக வந்தால்தான் மூடி உட்காரும். அதைப் பார்க்காமல் கட்டை விரலால் பலம் கொண்டமட்டும் அமுக்குகிறார்கள். கை அழுத்தம் போதாத மூடிகளுக்குப் பிரஸ் இருக்கிறது: மேலும் கீழும் நைலான் டைகள். கீழே வைக்கும் டை கண்ணாடியைத் தொடாமல் கேஸின் விளிம்பில் மட்டும் தாங்க வேண்டும். தட்டையான டையை வைத்து அழுத்தினால் முழு விசையும் கண்ணாடியில் விழுந்து அது நடுவில் விரியும். ரப்பர் வளையம் பிதுங்கியோ நசுங்கியோ இருந்தால் மூடி மூடிய மாதிரித் தெரிந்தாலும் தண்ணீர் போகும். தண்ணீர் தாங்கும் அளவாக 30 மீட்டர் என்று முதுகில் எழுதியிருந்தாலும் அந்த எழுத்து அந்த வளையத்தை நம்பித்தான் நிற்கிறது.

நம் வீடுகளில் அப்பாக்களின், தாத்தாக்களின் வாட்சுகள் பீரோவில் கிடக்கின்றன. எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்துவிட்டது. அந்தப் பழைய வாட்சுகளுக்கு இருக்கிற கேஸ்கள்தான் மிச்சம். அடுத்த முறை செல் மாற்றவோ பழுது பார்க்கவோ கொடுக்கும்போது கடைக்காரரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டையைக் கழற்றுகிறாரா, ஐகிளாஸ் போட்டு உதட்டைத் தேடுகிறாரா, குட்டைக் கத்தியை எடுக்கிறாரா என்று பாருங்கள். ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். அதன் விலை சொற்பம். காய்கறிக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வெளியே வந்தால், தயங்காமல் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.